எட்டு செல்லோடு நின்றுபோகும் மாட்டுக் கருக்கள்: மீடியத்தில் எதைச் சேர்ப்பது, எதை முதலில் சரிசெய்வது?

இளங்கன்று:

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வகத்தில் மாட்டுக் கருக்களை உருவாக்கி வளர்ப்பதில் மூன்று மாதமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகளில் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள ஃபாலிக்கிள்களை (முட்டை இருக்கும் நீர்ப்பைகள்) ஊசியால் உறிஞ்சி முட்டை எடுக்கிறேன். முட்டையைப் போர்த்தும் குமுலஸ் செல்கள் சுற்றிலும் நெருக்கமாக இருப்பவற்றை மட்டும் பொறுக்குகிறேன். டிசிஎம்-199 என்ற மீடியத்தில் (வளர்ப்பு நீர்மம்) 24 மணி நேரம் முதிர்ச்சி. கருவூட்டலுக்கு விந்தணுவைத் தயார்படுத்தும் ஹெப்பாரின் கலந்த மீடியத்தில் உறைவிந்தோடு 18 மணி நேரம். பிறகு குமுலஸை உதிர்த்துவிட்டு கரு வளர்ப்பு மீடியமான எஸ்ஓஎஃப் துளிகளுக்கு மாற்றுகிறேன். துளிக்கு 50 மைக்ரோலிட்டர், அதில் 25 கருக்கள், மேலே மினரல் ஆயில். பிஎஸ்ஏவுடன் (மாட்டு இரத்தத்தின் அல்புமின் புரதம்) 5 சதவீதம் சீரமும் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்க்கிறேன். 38.5 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு.

இரண்டாம் நாள் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் அழகாகப் பிளந்திருக்கின்றன. நான்காம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் எட்டு அல்லது பதினாறு செல்லோடு அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. ஏழாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே நீர்க்குழி விட்ட கரு) நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டுவதில்லை.

வளர்ச்சிக் காரணிகளை (வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள்) சேர்த்தால் சரியாகுமா? எதை, எவ்வளவு, எந்த நாளில் சேர்ப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செவலை:

தம்பி, எதையும் சேர்க்காதீர்கள். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

இன்குபேட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு? மீடியத்தின் ஆஸ்மோலாலிட்டியை (உப்பு முதலியவை கரைந்திருக்கும் செறிவு) எப்போது, எங்கிருந்து எடுத்து அளந்தீர்கள்? துளி போடுவதை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்து, எத்தனை டிஷ், ஆயில் ஊற்றுவது எப்போது?

நுண்ணோக்கி:

செவலை அக்கா ஏன் இதைக் கேட்கிறார் என்று மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுக் கரு முதல் மூன்று பிளவுகளை ஏறக்குறைய தாயின் கையிருப்பில்தான் ஓட்டுகிறது. முட்டை வளரும்போது சேர்த்து வைத்த ஆர்என்ஏவும் புரதமும்தான் அந்தக் கையிருப்பு. எட்டிலிருந்து பதினாறு செல்லுக்குள் அது தீர்ந்துவிடும். கரு தன்னுடைய மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்க ஆரம்பிப்பதும் அந்தக் கட்டத்தில்தான். வளர்ப்பில் எந்தக் குறை இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரிவது இந்தத் திருப்பத்தில். அதனால், இரண்டாம் நாள் பிளவு நன்றாக இருக்கிறது என்பது வளர்ப்புச் சூழல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பிளவு முட்டையின் கணக்கில் நடந்தது.

இந்தத் தடை ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே அலைக்கழித்தது. மாட்டுக் கருவை ஆட்டின் அண்டக்குழாய்க்குள் வைத்துக் கட்டி, சில நாள் கழித்துக் கழுவி எடுத்தார்கள். முயலின் குழாயிலும் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அண்டக்குழாய்ச் செல்களோடு சேர்த்து வளர்த்தால் தடை விலகுகிறது என்று கண்டார்கள். அந்தச் செல்கள் ஏதோ மாயப் பொருளைச் சுரக்கின்றன என்று பலர் தேடினார்கள். அவை செய்த வேலையில் ஒரு பெரிய பங்கு, சுற்றியிருந்த ஆக்சிஜனைத் தின்று குறைத்ததுதான். நீங்கள் பயன்படுத்தும் எஸ்ஓஎஃப் 1972ல் டெர்விட், விட்டிங்ஹாம், ரோசன் மூவரும் செம்மறியின் அண்டக்குழாய் நீரை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அவர்களே அதைக் குறைந்த ஆக்சிஜனில்தான் பயன்படுத்தினார்கள். மீடியம் எல்லா இடத்துக்கும் பரவியது, கூடவே வந்த ஆக்சிஜன் நிபந்தனையைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

இளங்கன்று:

நன்றி அக்கா, நன்றி நண்பரே.

ஆக்சிஜன்: எங்கள் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் கட்டுப்படுத்த முடியும். அப்படியென்றால் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 20 சதவீதம்.

ஆஸ்மோலாலிட்டி: மீடியம் தயாரித்தவுடன் பாட்டிலிலிருந்து எடுத்து அளந்தேன், 274 வந்தது. அதற்குப் பிறகு அளக்கவில்லை.

துளி: லேமினார் ஹூடுக்குள், சூடான தட்டின் மேல், ஒரே நேரத்தில் ஐந்து டிஷ். எல்லா டிஷ்ஷிலும் துளிகளைப் போட்டு முடித்த பிறகு வரிசையாக ஆயில் ஊற்றுவேன். கரு குளிர்ந்துவிடக் கூடாது என்றுதான் சூடான தட்டு.

செவலை:

கரு அப்போது டிஷ்ஷில் இல்லையே தம்பி. கருவே இல்லாத டிஷ்ஷுக்கு எதற்குச் சூடு?

ஹூடில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அடியில் தட்டு சுடுகிறது. நடுவில் மூடப்படாத ஒரு சின்னத் துளி. முதல் டிஷ்ஷின் முதல் துளி ஐந்தாவது டிஷ் முடியும்வரை காய்ந்துகொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். பாட்டிலில் 274 இருந்தாலும் துளியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான் இப்படித்தான் ஒரு வருடத்தை இழந்தேன். ஆரம்ப நாட்களில் எங்கள் ஆய்வகத்தில் வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை ஆடிக்கொண்டே இருந்தது. காளையைக் குற்றம் சொன்னோம், பிஎஸ்ஏவை மாற்றினோம், சினைப்பை வந்த நேரத்தைக் குறித்து வைத்தோம். கடைசியில் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பெண் துளி போட்ட வாரங்களில் எண்ணிக்கை விழுந்திருந்தது. அவர் மிகவும் கவனமானவர். ஒவ்வொரு துளியையும் வட்டமாக, ஒரே அளவில், நிதானமாகப் போடுவார். அந்த நிதானத்துக்குள் துளிகள் காய்ந்துகொண்டிருந்தன.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். டிஷ் அறை வெப்பத்தில் இருக்கும், சூடான தட்டைப் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. காற்றோட்டத்தைத் துளி போடும் சில நொடிகளுக்கு நிறுத்திவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிஷ். முதலில் 10 மைக்ரோலிட்டர் மட்டும் வேகமாக வைப்போம், அது இடம் பிடிப்பதற்கு. உடனே ஆயில். பிறகு ஆயிலுக்கு அடியில் பைப்பெட்டை விட்டு அந்தச் சின்னத் துளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, புது மீடியத்தில் முழு அளவை வைப்போம். காய்ந்த சொட்டு வெளியே போய்விடும், இருப்பது முழுக்க ஆயிலுக்கு அடியில் பிறந்த துளி. மூடிய டிஷ்ஷை முந்தைய நாள் மாலையே இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும். ஆயிலைத் தாண்டி வாயு துளிக்குள் இறங்கி நிலைக்க ஒரு இரவு பிடிக்கும்.

நாளைக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் வழக்கப்படியே ஒரு டிஷ் போட்டு, ஆயிலுக்கு அடியிலிருந்து துளியை எடுத்து அளந்து பாருங்கள். பைப்பெட் முனையின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஆயில் கலந்தால் அளவு தப்பாகிவிடும். 270 முதல் 280 வரை இருந்தால் நான் சொன்னதெல்லாம் வீண். இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கயல்:

செவலை மேடம் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "எதையும் சேர்க்காதே" என்பதையே கொள்கையாக ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வளர்ச்சிக் காரணிகளில்தான் வேலை செய்கிறேன். உடலுக்குள் இருக்கும் கரு தனியாக மிதப்பதில்லை. அண்டக்குழாயும் கருப்பையும் அதோடு இடைவிடாமல் பேசுகின்றன. சிஎஸ்எஃப்2 என்ற புரதத்தை ஐந்தாம் நாள் வாக்கில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் சேர்த்தபோது, கரு மாற்றிய பசுக்களில் சினை தங்குவது மேம்பட்டதாக ஆய்வுகள் உண்டு. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி சேர்த்த கருக்கள் வெப்ப அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பன்றியில் எஃப்ஜிஎஃப்2, எல்ஐஎஃப், ஐஜிஎஃப்1 என்ற மூன்று காரணிகளையும் முட்டை முதிர்ச்சியின்போது சேர்த்து பிளாஸ்டோசிஸ்ட் விளைச்சலை வெகுவாக உயர்த்தியதை 2017ல் வெளியிட்டார்கள். இதையெல்லாம் ஒதுக்கிவிட முடியாது.

செவலை:

கயல், ஒதுக்கவில்லை அம்மா. வரிசையைத்தான் சொல்கிறேன். சிஎஸ்எஃப்2 எல்லா ஆய்வகத்திலும் ஒரே பலனைக் கொடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆண் கருவும் பெண் கருவும் அதற்கு வேறுவேறாகப் பதில் சொல்கின்றன. அடித்தளம் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் அதைச் சேர்த்தால், அது வேலை செய்தாலும் தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது. இவருக்கு எண்ணிக்கை நான்கு வாரம் நிலையாக நிற்கட்டும், அப்புறம் உங்களிடமே அனுப்பி வைக்கிறேன்.

கயல்:

சரி மேடம், அதை ஒப்புக்கொள்கிறேன். நானும் கட்டுப்பாட்டுக் குழு நிலையாக இல்லாத வாரங்களின் தரவைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

மேகலை:

நான் மனிதக் கரு ஆய்வகத்தில் இருக்கிறேன். மாடு எனக்குப் புதிது. ஆயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

ஆயில் வெறும் மூடி என்று நினைக்கிறோம். அதற்குள் பெராக்சைடு உருவாகும், வெளிச்சமும் சூடும் பட்டால் வேகமாக உருவாகும். பாட்டிலை இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். திறந்த தேதியைப் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தால் பழைய லாட்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டாமல் மாறாதீர்கள். பிஎஸ்ஏவுக்கும் இதே விதிதான், அதில் லாட்டுக்கு லாட் வித்தியாசம் ஆயிலைவிட மோசம்.

மீடியத்தில் குளுட்டமின் இருந்தால் கவனியுங்கள். இன்குபேட்டர் சூட்டில் அது தானாகவே உடைந்து அம்மோனியா தரும். அலனைல்-குளுட்டமின் அப்படி உடையாது.

இன்னொன்று, இன்குபேட்டர் கதவுக்குப் பக்கத்தில் ஆல்கஹால் ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்த ஆவி உள்ளே போய் ஆயிலில் கரைந்து தங்கிவிடும்.

நுண்ணோக்கி:

சீரத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு.

சீரம் சேர்த்தால் ஏழாம் நாள் எண்ணிக்கை பார்க்க நன்றாக இருக்கும். சில கருக்கள் ஆறாம் நாளே குழி விட்டுவிடும். ஆனால் அந்தக் கருவை நுண்ணோக்கியில் உற்றுப் பாருங்கள். செல்கள் கருத்து, மங்கலாக இருக்கும். உள்ளே கொழுப்புத் துளிகள் அடைந்து கிடக்கும். உறைய வைத்து எடுத்தால் மீண்டும் விரிவது குறைவு.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சீரத்திலும் சகசெல் வளர்ப்பிலும் (வேறு செல்களோடு சேர்த்து வளர்ப்பது) வளர்ந்த கருக்களிலிருந்து அளவு மீறிப் பெரிதான கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் பிறந்தன. ஈற்றுச் சிரமம், பெரிய நாக்கு, தொப்புள் குடலிறக்கம், பிறந்த உடனே மரணம். 2001ல் யங் குழுவினர் செம்மறியில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஐஜிஎஃப்2ஆர் மரபணுவின் மெத்திலேற்றம் (மரபணுவின் இயக்கத்தைத் தீர்மானிக்கும் வேதிக்குறி) குலைந்ததை இதோடு தொடர்புபடுத்திக் காட்டினார்கள். ஏழு நாள் ஒரு துளிக்குள் நடந்தது, ஒன்பது மாதம் கழித்து ஒரு பசுவின் ஈற்றில் வந்து நிற்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு எண்ணிக்கை மேல் இருக்கும் ஆசை போய்விடுகிறது.

சீரத்துக்கு மாற்று உண்டு. 1999ல் ஹோம் குழுவினர் எஸ்ஓஎஃப்பில் அமினோ அமிலங்களோடு சிட்ரேட்டும் மயோ-இனோசிட்டாலும் சேர்த்து, சீரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்ல விளைச்சல் எடுத்தார்கள். கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏவோடு அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

வேகமாக வளர்வதே நல்ல கரு என்று எடுத்துக்கொள்வதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குளுக்கோஸ் கூடிய மீடியத்தில் ஆண் கருக்கள் முந்திக்கொள்ளும். ஏழாம் நாள் பெரியதாக இருப்பதை மட்டும் பொறுக்கினால், தெரியாமலேயே காளைக் கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

இளங்கன்று:

அக்கா, அளந்துவிட்டேன். முதல் டிஷ்ஷின் துளி 306. கடைசி டிஷ்ஷின் துளி 281.

இரண்டு தடவை அளந்தும் அதே எண்தான். மூன்று மாதமும் நான் கருக்களை உப்புத் தண்ணீரில் வளர்த்திருக்கிறேன்.

செவலை:

மனதைத் தளர விடாதீர்கள். காரணம் தெரிந்த தோல்வி கையில் கிடைத்துவிட்டது.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த வாரம் துளி போடும் முறை மட்டும். அது நிலைத்த பிறகு ஆக்சிஜன். அதற்குப் பிறகு சீரம். ஒவ்வொரு முறையும் அன்றைய முட்டைகளைக் கலந்து, இரண்டாகப் பிரித்து, பழைய முறையையும் கூடவே ஓட்டுங்கள். சினைப்பைகள் ஒவ்வொரு நாளும் வேறு, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட முடியாது.

மூன்று வாயு இன்குபேட்டர் இல்லையென்றால் கவலை வேண்டாம். இறுக மூடும் சிறிய வாயுப் பெட்டி ஒன்று போதும், இருக்கும் இன்குபேட்டருக்குள்ளேயே வைக்கலாம். 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீத ஆக்சிஜன், 90 சதவீத நைட்ரஜன் என்று கலந்தே வரும் சிலிண்டர் வாங்குங்கள். வாயுவைத் தூய நீருக்குள் குமிழியிட விட்டு, ஈரமாக்கி உள்ளே அனுப்புங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு டிஷ்ஷில் தண்ணீர் இருக்கட்டும். சில நிமிடம் ஓடவிட்டுப் பழைய காற்றை முழுக்க வெளியே தள்ளிவிட்டு இரண்டு குழாயையும் இறுக்குங்கள். திறந்தால் மறுபடியும் நிரப்ப வேண்டும் என்பதால், ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்க்கும் பழக்கமும் தானாகக் குறையும்.

நுண்ணோக்கி:

பிஎச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையில் காட்டும் 5 சதவீதத்தை நம்பாமல் தனிக் கருவியால் வாயுவை அளந்து பாருங்கள். கரைவது பகுதி அழுத்தத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து உயரமான இடத்தில் இருக்கும் ஆய்வகத்தில் அதே 5 சதவீதம் கொடுத்தால் மீடியம் காரப் பக்கம் சாயும், கொஞ்சம் கூட்ட வேண்டும். நிலைத்த மீடியத்தில் 7.2 முதல் 7.4க்குள் வந்தால் போதும்.

இளங்கன்று:

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். வரிசை மாறாமல் செய்தேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு சுற்று.

துளி முறையை மாற்றியதும் துளிக்குள் ஆஸ்மோலாலிட்டி 276 முதல் 279 வரை நிற்கிறது. பிளாஸ்டோசிஸ்ட் நூற்றுக்குப் பதினான்கிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்தது. வாயுப் பெட்டியைச் சேர்த்ததும் முப்பத்தொன்று. அந்த முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது என் கை நடுங்கியது. ஒரே பார்வையில் ஆறு கருக்கள் குழி விட்டு நின்றன.

சீரத்தை நீக்கியபோது இருபத்தேழாக இறங்கியது. ஆனால் செல்கள் தெளிவாக இருக்கின்றன, அடியில் இருக்கும் உள்செல் திரளின் விளிம்பு துல்லியமாகத் தெரிகிறது. முன்பு அந்த இடம் வெறும் கருநிழலாக இருக்கும்.

இப்போது என் வழிகாட்டிப் பேராசிரியர் சீரத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறார், முப்பத்தொன்று இருபத்தேழைவிடப் பெரிது என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

நுண்ணோக்கி:

2002ல் ரைசோஸ், லோனர்கன் குழுவினர் செய்த வேலையை அவரிடம் காட்டுங்கள். ஆய்வகத்தில் உருவான ஒற்றைச் செல் கருக்களை ஆட்டின் அண்டக்குழாயிலும் துளியிலும் வளர்த்து ஒப்பிட்டார்கள். எத்தனை பிளாஸ்டோசிஸ்ட் வந்தது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை முதன்மையாக நிர்ணயித்தது முட்டை. ஆனால் உறைய வைத்து எடுத்தபோது, குழாயில் வளர்ந்தவை தாங்கின, துளியில் வளர்ந்தவை பெரும்பாலும் சிதைந்தன. தரத்தை நிர்ணயித்தது வளர்ப்பு. நீங்கள் வளர்ப்பை மாற்றும்போது அளக்க வேண்டியது முதலில் தரத்தைத்தான்.

நான்கு சுற்றுதான் உங்கள் மாதிரி எண்ணிக்கை, கருக்களின் எண்ணிக்கை அல்ல, அதையும் மறக்க வேண்டாம். நான்கு சுற்றில் முப்பத்தொன்றுக்கும் இருபத்தேழுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்றே இப்போது சொல்ல முடியாது.

செவலை:

பேச்சு வேண்டாம் தம்பி, விட்ரிஃபை செய்து (அதிவேகமாக உறைய வைத்து) காட்டுங்கள். இரண்டு குழுவிலும் ஏழாம் நாள் விரிந்த பிளாஸ்டோசிஸ்ட்களை, ஒரே தரத்தில், சம எண்ணிக்கையில் எடுத்து உறைய வையுங்கள். உருக்கிய மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு முடிவு எழுதிவிடாதீர்கள், அப்போது பாதி நலிந்தவைகூட ஒருமுறை விரிந்து காட்டும். 24, 48, 72 மணி நேரத்தில் எத்தனை இன்னும் விரிந்து நிற்கின்றன, எத்தனை ஜோனாவிலிருந்து (கருவின் வெளியுறை) வெளியே வந்தன என்று குறியுங்கள். எந்தத் துளி எந்தக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. முடிந்தால் அந்த எண்ணிக்கையைப் பேராசிரியரையே எடுக்கச் சொல்லுங்கள்.

கயல்:

உருக்கிப் பிழைத்தவற்றை, அணுக்கருவைக் காட்டும் ஹோச்சிஸ்ட் சாயமிட்டு மொத்தச் செல்லையும் எண்ணுங்கள். சிதைந்த அணுக்கரு இருந்தால், சாகும் செல்களைக் காட்டும் டியூனல் சோதனை. அடித்தளம் நிலைத்துவிட்டதால் சிஎஸ்எஃப்2 பற்றி இப்போது பேசலாம், நெறிமுறையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

இளங்கன்று:

மூன்று சுற்று முடிந்தது. எண்ணியவர் பேராசிரியர்தான், டிஷ்களில் எண் மட்டும் ஒட்டியிருந்தேன்.

சீரம் சேர்த்த குழுவில் உருக்கிய முப்பதில் 72 மணி நேரத்தில் வெளியே வந்தவை ஏழு. சீரம் இல்லாத குழுவில் முப்பதில் பதினாறு. குறியீட்டைப் பிரித்துக் காட்டியதும் அவர் மறுபடியும் ஸ்கோப்பில் உட்கார்ந்து, பதினாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கரு ஜோனாவின் பிளவு வழியே பாதி வெளியே வந்து எட்டு வடிவத்தில் நின்றிருந்தது. ஆயிலின் மேல் வெளிச்சம் கூடாது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே விளக்கைக் குறைத்துவிட்டார்.

சீரம் பாட்டில் ஃப்ரீசருக்குத் திரும்பிவிட்டது. அடுத்த சுற்றுக்கு டிஷ் போட இன்று மாலை நான்தான் உட்காரப் போகிறேன், ஒரு நேரத்தில் ஒன்று.

செவலை:

டிஷ்ஷுக்கு ஒரு துளியைக் கரு வைக்காமல் விடுங்கள். ஏழாம் நாள் அதை எடுத்து அளந்து நோட்டில் எழுதுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும்.